முதல் பாகம் வைத்த கடன்: டாய் ஸ்டோரி 2 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அனிமேஷன் படம் ஒன்று நன்றாக ஓடிவிட்டால் போதும், இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்துவிடுவார்கள். அதைக் கேட்டதும் எனக்கு சந்தோஷம் வருவதில்லை, சந்தேகம்தான் வரும். பொம்மை விற்க வேண்டும், ஸ்கூல் பையில் படம் அச்சடிக்க வேண்டும், அதற்கு ஒரு சாக்கு வேண்டும், அந்தச் சாக்குக்காக நாம் குழந்தையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். ஆனால் எப்போதாவது ஒரு இரண்டாம் பாகம் வந்து முதல் பாகத்தையே வேறு படமாக்கிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு முதல் படத்துக்குத் திரும்பினால், முன்பு கண்ணில் படாத ஏதோ ஒன்று அங்கே உறுத்த ஆரம்பிக்கும். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு படத்தை எடுத்துக் குடைந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

எடுத்துக்கொண்டது 1999-ல் வந்த டாய் ஸ்டோரி 2. காரணம், இந்தப் படம் ஒருமுறை சுமாராக எடுக்கப்பட்டு, பிறகு அதே ஸ்டுடியோவில் அதே பொம்மைகளை வைத்து, கிட்டத்தட்ட அதே கதையோடு, நன்றாக எடுக்கப்பட்டது. நடுவில் மாறியது என்ன என்று தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். சினிமாவில் இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வம்.

போன மாதம் அக்கா மகளோடு உட்கார்ந்து முதல் மூன்று பாகங்களையும் வரிசையாகப் பார்த்தேன். அவளுக்கு ஆறு வயது. அவள் சொன்னதும் இதில் கொஞ்சம் வரும். இன்னொரு விஷயம், கதையை முழுக்கச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதல் பாகம் சொல்லாமல் விட்டது

டாய் ஸ்டோரி 1995 நவம்பரில் வந்தது. முழுக்கவே கம்ப்யூட்டரில் செய்த முதல் முழுநீளத் திரைப்படம். பொம்மைகளைக் கதாநாயகர்களாக வைத்ததில் ஒரு நடைமுறை வசதியும் இருந்தது. அன்றைக்கு இருந்த கம்ப்யூட்டர்களுக்குத் தோலும் தலைமுடியும் துணி மடிப்பும் பெரிய தலைவலி, பிளாஸ்டிக் மட்டும் கைக்கு அடங்கும். அந்தப் படத்தில் மனிதர்கள் வரும் காட்சிகளை இன்றைக்குப் பார்த்தால் அவர்களும் பிளாஸ்டிக்கில் செய்தவர்கள் மாதிரியேதான் இருப்பார்கள்.

அந்தப் படமே ஒருமுறை செத்துப் பிழைத்தது. 1993 நவம்பர் 19 அன்று, படத்துக்குப் பணம் போட்ட டிஸ்னி ஆட்களுக்குப் போட்டுக் காட்டியபோது, வுட்டி என்கிற கவ்பாய் பொம்மை யாருக்கும் பிடிக்காத அளவுக்குக் கொடுமைக்காரனாக இருந்தான். வேலையை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கதையைத் திருத்தினார்கள். வேண்டுமென்றே ஜன்னல் வழியே தள்ளிவிட்டவன், திருத்திய கதையில் பொறாமையில் ஒன்றைச் செய்யப்போய்க் கைமீறிப் போனவனாக மாறினான். அவன் பொறாமைப்பட்டது புதிதாக வந்த விண்வெளி வீரன் பஸ் லைட்டியர் மேல். பொம்மைகளின் சொந்தக்காரன் ஆண்டி. தமிழில் எழுதினால் ஒருவன் பேருந்தாகிவிடுகிறான், இன்னொருவன் பரதேசி ஆகிவிடுகிறான், என்ன செய்வது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் முடிவில் இரண்டு பொம்மைகளும் நண்பர்கள் ஆகிவிடுகின்றன, ஆண்டியிடம் திரும்பி வந்துவிடுகின்றன, கிறிஸ்துமஸ், சுபம். எல்லாம் சரி. ஆனால் அந்த சுபத்துக்குள் ஒரு கேள்வியைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பையன் வளர்ந்துவிட்டால்? பொம்மைக்கு வயதாகாது, ஆண்டிக்கு ஆகும். முதல் பாகம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறக்காமல் விட்டதும் சரிதான், ஒரு படத்துக்கு ஒரு பயம் போதும். ஆனால் அது ஒரு கடன். அடுத்த பாகம் எடுக்கிறவர் அதை அடைக்கிறாரா, இல்லை தெரியாத மாதிரி ஊர் சுற்றக் கிளம்புகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதுதான் என் கட்சி. சாட்சிகளை வரிசையாகக் கூப்பிடுகிறேன்.

வீடியோவுக்குப் போக வேண்டிய படம்

தொண்ணூறுகளில் டிஸ்னி ஒரு புது வியாபாரம் கண்டுபிடித்திருந்தது. 1994-ல் அலாவுதீன் படத்தின் தொடர்ச்சியாக ஜாஃபரின் மறுவருகையைத் தியேட்டருக்கே கொண்டுபோகாமல் நேராக வீடியோ கேசட்டாக விட்டார்கள், நன்றாக விற்றது. செலவு குறைவு, பிள்ளைகளுக்குப் பாத்திரங்கள் ஏற்கெனவே பழக்கம், அம்மா அப்பாவுக்கு ஒரு மணி நேரம் நிம்மதி. அதற்கப்புறம் சிங்க ராஜாவுக்கு, சிண்ட்ரெல்லாவுக்கு, பாம்பிக்கு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்றாவது முதல் படத்தை வேறு கண்ணால் பார்க்க வைத்ததா என்றால் எனக்கு ஞாபகம் இல்லை.

டாய் ஸ்டோரி 2-வும் அந்த வரிசைக்குத்தான் திட்டமிடப்பட்டது. டாய் ஸ்டோரியை எடுத்த ஸ்டுடியோவான பிக்ஸாரின் முக்கியமான ஆட்கள் எல்லாம் எறும்புகளைப் பற்றிய எ பக்ஸ் லைஃப் படத்தில் மூழ்கியிருக்க, வேறு ஒரு குழு இந்த வீடியோ படத்தைச் செய்துகொண்டிருந்தது. ஒரே ஸ்டுடியோவுக்குள் ஒரு குழு முதல் தரம், இன்னொன்று பரவாயில்லை ரகம். இது உள்ளே எல்லோருக்கும் உறுத்தியது என்று பிக்ஸாரின் தலைவராக இருந்த எட் கேட்மல் பிற்பாடு எழுதியிருக்கிறார். கடைசியில் இதையும் தியேட்டர் படமாகவே எடுப்பது என்று முடிவானது. டிஸ்னியோடு போட்டிருந்த ஐந்து பட ஒப்பந்தத்தில் தொடர்ச்சிப் படம் கணக்கில் வராது என்பதால் இரண்டு கம்பெனிக்கும் நடுவில் இது பல வருஷம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அது வேறு கதை.

அழிந்த படமும் தூக்கிப்போட்ட படமும்

கம்ப்யூட்டர் ஆட்கள் எல்லோரும் கேள்விப்பட்ட சம்பவம் ஒன்று உண்டு. 1998-ல் படத்தின் கோப்புகள் இருந்த சர்வரில் யாரோ ஒரு அழிப்புக் கட்டளையைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னால் முதலில் வுட்டியின் தொப்பி காணாமல் போனது, அப்புறம் பூட்ஸ், அப்புறம் வுட்டியே. சில நொடிகளில் படத்தில் 90 சதவீதம் போய்விட்டது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது ஒழுங்காக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. குழந்தை பிறந்து வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்த கேலின் சஸ்மன் என்கிற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது நல்லகாலம். அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி காரில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எல்லோரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு சுவாரசியமே இதற்கு அப்புறம் நடந்ததுதான். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் படத்தை அவர்களே பிறகு தூக்கிப் போட்டார்கள். எ பக்ஸ் லைஃப் 1998 நவம்பரில் வந்தது. அந்த வேலை முடிந்து வந்த ஜான் லாஸட்டர், டாய் ஸ்டோரி முதல் பாகத்தை இயக்கியவர், உட்கார்ந்து இதைப் பார்த்தார், படம் நிற்கவில்லை. பரவாயில்லை, இப்படியே விடலாம் என்பது டிஸ்னி தரப்பு. தேதி குறித்தாகிவிட்டது, தள்ளவும் முடியாது. கையில் இருந்தது ஒன்பது மாதம். வழக்கமாக வருஷக்கணக்கில் இழுக்கும் வேலை அது.

எது நிற்கவில்லை

கதைச் சுருக்கம் பழைய வடிவத்திலும் புதிய வடிவத்திலும் ஏறக்குறைய ஒன்றேதான். வுட்டியை ஒரு பொம்மைக் கடைக்காரன் திருடுகிறான். வுட்டி சாதாரண பொம்மை இல்லை, ஐம்பதுகளில் ஓடிய ஒரு டிவி நிகழ்ச்சியின் நாயகன், அபூர்வமான சேகரிப்புப் பொருள் என்று தெரிய வருகிறது. அவனையும் அவனோடு சேர்ந்த ஜெஸ்ஸி, குதிரை, பெட்டியைப் பிரிக்காத கிழவன் பொம்மை எல்லாவற்றையும் ஜப்பானில் ஒரு அருங்காட்சியகத்துக்கு விற்கப்போகிறான். பஸ் லைட்டியரும் மற்றவர்களும் காப்பாற்றக் கிளம்புகிறார்கள். வுட்டி ஆண்டியிடம் திரும்புவானா, கண்ணாடிப் பெட்டிக்குள் அழியாமல் நிற்கப் போவானா?

சிக்கல் அந்தக் கேள்வியிலேயே இருந்தது, ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும். திரும்பித்தான் வருவான். ஆண்டியை விட்டுப் போக அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. பதில் தெரிந்த கேள்வியோடு ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டுமென்றால் நடுநடுவே துரத்தல்தான் போட முடியும். பல தொடர்ச்சிப் படங்களில் கிளைமாக்ஸுக்கு முன்னால் நாம் செல்போனை எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

அவர்கள் செய்த திருத்தம் கேட்பதற்கு ரொம்பச் சின்னது. வீஸி என்கிற பென்குவின் பொம்மையை ஆரம்பத்தில் கொண்டுவந்தார்கள். அமுக்கினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அது கெட்டுப்போனதால் மாசக்கணக்கில் அலமாரி உச்சியில் தூசிக்குள் கிடக்கிறது. ஆண்டி விளையாடும்போது கை கிழிந்துபோன வுட்டியையும் அதே அலமாரியில் வைக்கிறார்கள். பொம்மைகள் எல்லாக் காலமும் உழைக்காது என்று ஆண்டியின் அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை, வீட்டில் எதையோ ஒதுக்கிவைக்கும்போது பேசுகிற குரல்தான். பாய்க்கு அடியில் இருந்த கேள்வி வெளியே வந்துவிட்டது.

இரண்டாவது திருத்தம், ஜெஸ்ஸி என்கிற கவ்கேர்ள் பொம்மையின் பழைய கதையைப் பெரிதாக்கியது. ராண்டி நியூமன் எழுதி சாரா மெக்லாக்லன் பாடிய ஒரு பாட்டுக்குள் மொத்தமும் முடிந்துவிடும், வசனம் கிடையாது. ஜெஸ்ஸிக்கு எமிலி என்று ஒரு சிறுமி இருந்தாள். இரண்டு பேரும் பிரிந்ததே இல்லை. அப்புறம் எமிலி வளர்கிறாள், அறையில் கவ்கேர்ள் சாமான்கள் போய் வேறு சாமான்கள் வருகின்றன, ஒரு நாள் ஜெஸ்ஸி கட்டிலுக்கு அடியில் விழுந்துவிடுகிறாள், யாரும் குனிந்து தேடவில்லை. கட்டிலுக்கு மேலே தோழிகளோடு நகப்பூச்சு, டெலிபோன். வருஷங்கள் போகின்றன. பிறகு ஒரு கை கீழே நீளுகிறது. எமிலியேதான். ஜெஸ்ஸி முகத்தில் என்ன சந்தோஷம் தெரியுமா! காரில் பழைய மாதிரியே ஒன்றாகப் போகிறார்கள், மரங்கள், வெயில். கார் நிற்கும் இடத்தில் இருப்பது பழைய பொருட்களை தானமாகப் போடும் பெட்டி.

அந்தக் கை நீளுகிற இடத்தைத்தான் நான் படத்தின் மையம் என்பேன். கட்டிலுக்கு அடியிலேயே கதை முடிந்திருந்தால் வெறும் சோகம். தேடி எடுத்து, காரில் ஏற்றி, நம்பிக்கை கொடுத்து, அப்புறம் விடுகிறார்கள். எமிலி கெட்டவளும் இல்லை, ஒரு பெட்டியில் சாமான் போட்டாள், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வுட்டியின் முன்னால் இருக்கும் கேள்விக்குப் பதில் தெரியாது. திரும்பிப் போனால் அவனுக்கும் ஒரு நாள் அந்தப் பெட்டிதான், காலேஜுக்குப் போகும்போது ஆண்டி உன்னையும் கூட்டிக்கொண்டு போவானா என்று கிழவன் பொம்மை கேட்கிறான், அவன் வில்லன்தான், ஆனால் சொன்னது உண்மை. குடும்பப் படத்தில் வில்லன் வாயில் உண்மையைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். வுட்டி கடைசியில் திரும்பித்தான் வருகிறான், நமக்கு முன்பே தெரிந்த அதே முடிவு, ஆனால் இப்போது அவன் இழப்பு வரும் என்று தெரிந்தே வருகிறான்.

பாட்டு ஓடும்போது அக்கா மகள் அசையவில்லை. முடிந்ததும், "அந்த அக்கா மறந்து வெச்சிட்டாங்களா மாமா?" என்று கேட்டாள். மறந்துதான் வைத்தாள் என்று சொல்வதா, இல்லை என்பதா? "தெரியலடா" என்றேன். அதற்குள் பெரிய கோழி வேஷம் போட்டுக்கொண்டு கடைக்காரன் வந்தால் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே சோபாவில் இரண்டு பேர் இரண்டு படம் பார்க்கிறோம், இரண்டுமே முழுப் படம். பெரியவர்களுக்கு என்று நடுவில் நாலு ஜோக்கைத் தூவிவிட்டு 'குடும்பப் படம்' என்று பெயர் வைக்கும் படங்களில் இது கிடைக்காது.

பழுது பார்க்கும் தாத்தா

ஒரு காட்சியைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். விற்பதற்கு முன்னால் வுட்டியின் கிழிந்த கையைச் சரிசெய்ய ஒரு முதியவர் வருகிறார். பிக்ஸாரின் 1997 குறும்படம் ஒன்றில் தனக்குத் தானே சதுரங்கம் ஆடிய தாத்தா, அவரை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். இழுப்பறை இழுப்பறையாக விரியும் ஒரு பெட்டி. கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரியும் அவர் கண். பஞ்சுக்குச்சியால் பொம்மையின் கண்ணைத் துடைக்கிறார், ஊசியில் நூல் கோர்த்துத் தோளைத் தைக்கிறார், கன்னத்தில் வண்ணம் ஏற்றுகிறார், பின்தலையில் சாயம் போன இடத்தை நிரப்புகிறார். அவசரமே இல்லை. பார்க்கப் பார்க்க நமக்கே முதுகு தேய்த்துவிட்ட மாதிரி ஒரு சுகம். கடைசியில் பூட்ஸின் அடிப்பாகத்துக்கு வருகிறார். அங்கே ஆண்டி கோணல்மாணலாக எழுதிய அவன் பெயர் இருக்கிறது. தூரிகையால் இரண்டு மூன்று இழுப்பு, பெயர் போய்விட்டது, பூட்ஸ் புத்தம் புதிது.

துரத்தல் இல்லை, சண்டை இல்லை, யாரும் யாரையும் மிரட்டவில்லை. கெட்ட காரியம் ஒன்று அவ்வளவு அழகாக, அவ்வளவு அக்கறையாக நடக்கிறது. பிறகு வுட்டி மனம் மாறும்போது அவன் வாயால் சொல்வதற்கு முன்னாலேயே அந்தச் சாயத்தைச் சுரண்டி எடுக்கிறான், கீழே எழுத்து தெரிகிறது. ஒரு பக்க வசனத்தின் வேலையை அந்தச் சுரண்டல் செய்கிறது.

எதிர்த்தரப்புச் சாட்சி

திறமைசாலிகள் எடுத்தால் எதுவும் நன்றாக வரும், இதில் என்ன பெரிய ஆய்வு என்று கேட்கலாம். அதற்குத்தான் கார்ஸ் 2. 2011-ல் வந்தது, அதே பிக்ஸார், இயக்கம் அதே லாஸட்டர். பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவே இல்லை. டோக்கியோ, இத்தாலி, லண்டன் என்று ஊர் ஊராகப் போகிறது, முதல் படத்தின் காமெடியன், மேட்டர் என்கிற இழுவை வண்டி, தன்னை அறியாமலே உளவாளி ஆகிறான், எல்லாம் பளபளவென்று இருக்கிறது, எனக்கு அதில் ஒரு காட்சிகூட மனதில் நிற்கவில்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வந்த நாளிலிருந்து பிக்ஸார் படம் ஒன்று அந்தப் பட்டியலில்கூட இடம்பெறாமல் போனது அதுவே முதல் தடவை. முதல் கார்ஸ் படத்துக்கு என்று ஒரு கேள்வி இருந்தது: நெடுஞ்சாலை வந்ததும் ஒதுங்கிப்போன சிற்றூர், வேகம் ஒன்றே வாழ்க்கை என்று இருந்தவன் அங்கே மாட்டிக்கொள்கிறான். இரண்டாம் பாகம் அந்த ஊரை விட்டே கிளம்பிவிட்டது, கேள்வியும் அங்கேயே நின்றுவிட்டது.

மறுபக்கம், 2014-ல் வந்த ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன் 2-ஐப் பாருங்கள். பையனுக்கு வயதைக் கூட்டி 20 ஆக்கினார்கள், அவன் உயிராக வளர்க்கும் டிராகனை வைத்தே அப்பாவைச் சாகடித்தார்கள். முதல் பாகத்தில் செல்லப்பிராணி மாதிரி விளையாடிய மிருகம் அது, அது ஆபத்தானது என்பதை நாம் மறந்திருந்தோம், படம் மறக்கவில்லை. பூனையை நாயகனாக வைத்த பூஸ் இன் பூட்ஸுக்கு 2022-ல் வந்த தொடர்ச்சியும் அப்படித்தான், ஒன்பது உயிரில் எட்டு போய்விட்டது என்று ஆரம்பிக்கிறது. பூனைக்கு ஒன்பது உயிர் என்கிற பழைய ஜோக்கைக் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடனை அடைத்த பாகமும் அதற்கு அடுத்ததும்

டாய் ஸ்டோரி மூன்றாம் பாகம் வேறு மாதிரி வந்திருக்க வேண்டியது. டிஸ்னிக்கும் பிக்ஸாருக்கும் உறவு கெட்டிருந்த நேரத்தில், பிக்ஸார் இல்லாமலே அதை எடுக்க டிஸ்னி தனியாக ஒரு ஸ்டுடியோ வைத்தது. அவர்கள் யோசித்த கதையில் பஸ் லைட்டியர் பழுதாகி, தயாரித்த இடமான தைவானுக்கே அனுப்பப்படுகிறான், மற்ற பொம்மைகள் பின்னாலேயே போகின்றன. பார்த்தீர்களா, மறுபடியும் ஊர் சுற்றல். 2006-ல் டிஸ்னி 740 கோடி டாலர் கொடுத்து பிக்ஸாரையே வாங்கியதும் அந்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

2010-ல் வந்த படத்தில் ஆண்டிக்கு 17 வயது, காலேஜ் கிளம்புகிறான். 1995-ல் சின்னப் பையனாக ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மோரிஸையே மறுபடி கூப்பிட்டார்கள், குரலும் நிஜமாகவே 15 வருஷம் வளர்ந்திருந்தது. கடைசியில் பொம்மைகளை போனி என்கிற சிறுமியிடம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறான். பெட்டிக்குள் வுட்டி இருப்பது அவனுக்கே தெரியாது. அந்தப் பெண் கை நீட்டியதும் இவன் சட்டென்று வுட்டியைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான். ஒரு நொடி கூட இருக்காது. காலேஜ் போகிற பையன், நாலு வயதுக் குழந்தையிடமிருந்து பொம்மையை மறைக்கிறான்! எமிலி காரில் வந்து பெட்டியில் போட்டதற்கு 11 வருஷம் கழித்து வந்த பதில் அந்த ஒரு நொடி இழுப்பு. உலகம் முழுக்க 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் அனிமேஷன் படம் இதுதான். வசூல் எதையும் நிரூபிப்பதில்லை, ஆனால் தைவான் கதைக்கு இது நடந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நான்காம் பாகத்தில், 2019-ல், என் கட்சிக்குக் கொஞ்சம் அடி விழுகிறது. கடன்தான் அடைந்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது? போனி குப்பையில் கிடந்த பிளாஸ்டிக் முள்கரண்டிக்குக் கண் ஒட்டி ஃபோர்க்கி என்று பெயர் வைக்கிறாள், அது தன்னைக் குப்பை என்றே நினைத்துக் குப்பைத் தொட்டியைத் தேடித் தேடி ஓடுகிறது. முதல் அரை மணி நேரம் பிரமாதம், எது பொம்மை எது குப்பை என்பது இந்தத் தொடர் இதுவரை கேட்காத கேள்வி. ஆனால் படம் அதைப் பாதியில் விட்டுவிட்டு வுட்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று தடுமாறுகிறது. ஆஸ்கர் கொடுத்தார்கள். கொடுக்கட்டும்.

அந்த ஒன்பது மாதத்தின் விலை

இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு பாதிதான். ஒன்பது மாதத்தில் படத்தைத் திரும்ப எடுத்ததைப் பலர் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். கேட்மல் தன் புத்தகத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் அப்படித் தோன்றாது. வேலை முடிந்தபோது ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு, ஓயாமல் மவுஸும் கீபோர்டும் பிடித்ததால் கை மணிக்கட்டில் ஏதோ ஒரு பாதிப்பு. ஒருவர் காலையில் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, காரிலேயே விட்டுவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டார். வெயிலில் மயங்கிக் கிடந்த குழந்தையை நல்லவேளையாகக் காப்பாற்றிவிட்டார்கள். மறந்துபோன பிள்ளைகளைப் பற்றிய படத்தை எடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இது நடந்தது. தேதியைத் தள்ளியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாலு மாதம் கழித்து வந்திருந்தால் ஜெஸ்ஸியின் பாட்டு என்ன குறைந்தா போயிருக்கும்?

அக்கா மகளுக்கு மூன்று பாகத்திலும் பிடித்த காட்சி எது என்று கேட்டேன். ஜெஸ்ஸியோ, மூன்றாம் பாகத்தில் பொம்மைகள் மாட்டிக்கொள்ளும் நெருப்புக் குழியோ இல்லை, பழுது பார்க்கும் தாத்தாதான். "அந்தத் தாத்தா சீன் போடுங்க மாமா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், நானும் போட்டேன். முதல் இரண்டு தடவை பஞ்சுக்குச்சி, ஊசி, வண்ணம் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். மூன்றாவது தடவை தூரிகை பூட்ஸுக்கு வந்ததும் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, அந்தத் தாத்தா பேரை அழிக்கிறாரு."